பந்து பிடிக்கிற கை

ஆகஸ்ட் 19, சனி (ஆவணி 2)

செல்லாண்டியாத்தா, நீ என்மேல் கோபித்துக்கொள்ளாதே. நேற்று உன் கோயிலில் விளக்குப் போடாமல் விட்டது வேண்டுமென்று செய்ததில்லை. வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்னே கோயமுத்தூரில் விமானம் ஏறினேன். மூன்று விமானம் மாறி அமெரிக்காவில் வந்து இறங்கினால், இங்கேயும் அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம். அது எப்படி என்று தம்பியைக் கேட்டால் பூமி உருண்டை என்கிறான். உருண்டையாகவே இருக்கட்டும், என் வெள்ளிக்கிழமை விளக்கு எந்தக் கணக்கில் போயிற்று?

ஊரில் இருந்தால் உன் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன். இங்கே நடந்து போகிற தூரத்தில் ஒரு கோயில் இல்லை. தம்பி மகன், என் மருமகன் கவின் ஒரு நோட்டுக் கொடுத்திருக்கிறான், அவன் காலேஜ் படம் போட்டது. இனி இதில்தான் உன்னோடு பேச்சு. எட்டாவது படித்தவளின் எழுத்து, பொறுத்துக்கொள்.

தம்பி நல்லசிவத்தின் மனைவி கோகிலா படியில் சறுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டதால் ஆறு மாதம் சமைத்துப்போட வந்திருக்கிறேன். படியெல்லாம் மரம், அதில் வழவழவென்று எண்ணெய் மாதிரி ஏதோ பூசி வைத்திருக்கிறார்கள். விழாமல் என்ன செய்வாள்?

கவினுக்குப் பத்தொன்பது வயது. போன தடவை ஊருக்கு வந்தபோது என் தோளுக்கு இருந்தான், இப்போது வாசல் நிலையில் தலை இடிக்கிறது. பிராக்டிஸ் முடித்து நேராக ஏர்போர்ட்டுக்கு வந்து, அவ்வளவு ஜனத்துக்கு நடுவே என் காலில் விழுந்தான். "ஃப்ளைட்ல சாப்பாடு நல்லா இருந்துச்சா அத்தை?" என்று கேட்டான். "எங்க சாமி, தயிர்சோறு கட்டிக்கிட்டு வந்தேன், அதுதான்" என்றேன். காரில் வரும்போதும் கேட்டான். வாசலில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு மறுபடியும் கேட்டான். திருப்பூரில் இருக்கிற என் மகன் வருஷத்துக்கு ஒரு தடவை என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டதுண்டா? அத்தைமேல் அவ்வளவு பாசம்.

செப்டம்பர் 2, சனி

இன்றைக்கு அவன் ஆட்டத்துக்குப் போனோம், அமெரிக்க ஃபுட்பால் என்கிறார்கள். கோகிலா வரவில்லை. கால் சரியாக இருந்தாலும் வந்திருக்க மாட்டாளாம். "என்னால அத பாக்க முடியாதுங்க அண்ணி" என்றாள்.

எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். ஒருவன் நடுவில் நின்று பந்தை எறிவான். பந்து தேங்காய் மாதிரி இரண்டு பக்கமும் கூராக இருக்கும். நம் கவின் மாதிரி ஆட்கள் ஓரத்திலிருந்து ஓடிப்போய் அதைப் பிடிக்க வேண்டும். அந்த வேலைக்கு ரிசீவர் என்று பெயர். பிடித்துக்கொண்டு கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டால் ஆறு புள்ளி. பிடித்த நிமிஷத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்காரர்கள் அவன்மேல் விழுவார்கள். விழுவது என்றால் சும்மா இல்லை ஆத்தா, வண்டி மாடு மிரண்டு வந்து மோதுகிற மாதிரி. அதற்கு யாரும் சண்டைக்குப் போவதில்லை. கை கொடுத்துத் தூக்கிவிட்டுப் போகிறார்கள்.

கவின் முதுகில் எண்பத்து நாலு என்று நம்பர், அதற்கு மேலே இங்கிலீஷில் நல்லசிவம் என்று என் தம்பி பெயர். மூன்று மணி நேரம் அந்தப் பெயர் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தது. போன வருஷமும் பூராவும் இப்படித்தானாம்.

"அக்கா, பெஞ்சுல உக்காரவே நூறு பேரு நிக்கிறாங்க" என்றான் தம்பி.

"அதுக்கு நம்ம ஊட்டுலயே உக்காந்திருக்கலாமேடா" என்றேன்.

செப்டம்பர் 9, சனி

இன்றும் உட்கார்ந்துதான் இருந்தான். வீட்டுக்கு வந்து கொள்ளு ரசம் வைத்தேன், இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான்.

செப்டம்பர் 23, சனி (புரட்டாசி முதல் சனி)

ஆத்தா, இறக்கிவிட்டார்கள்! மார்கஸ் என்று ஒரு பையன், அவன் இடத்துக்காகத்தான் கவின் பெஞ்சில் காத்திருந்தது. அந்தப் பையனுக்கு முழங்கால் பிசகிவிட்டது. ஒருவன் வலியில் நொண்டிப் போவதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்ததே, அந்தப் பாவத்தை நீ எந்தக் கணக்கில் எழுதுவாயோ. மார்கஸ் பெயருக்கும் ஒரு விளக்கு ஏற்றினேன்.

கவின் ஒரு பந்து பிடித்தான். மைக்கில் ஒருவர் "கெவின்" என்று கத்தினார். தம்பி எழுந்து நின்று, "கவின்! அது கவின்!" என்று அவருக்குத் திருத்தம் சொன்னான். யார் காதில் விழும்?

வீட்டில் எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. நான் சமையல் செய்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பின்னால் எறிவேன். அவன் ஃபோனைப் பார்த்துக்கொண்டே வலது கையால் பிடித்துவிடுவான். ஒரு மாதமாக ஒன்றுகூடத் தரையில் விழுந்ததில்லை. "பாக்காமயே எப்படிக் கண்ணு?" என்று கேட்டேன். "கண்ணு பாக்கறதுக்கு முன்னாடியே கைக்குத் தெரிஞ்சிரும் அத்தை. தொட்டா எங்க தையல் இருக்கு, எங்க கூர் இருக்குன்னு கை சொல்லும்" என்றான்.

இதெல்லாம் நீ கொடுத்ததுதான். போன வருஷம் தம்பி ஃபோன் பண்ணி, பையன் காலேஜில் இந்த ஆட்டம் ஆடுகிறேன் என்கிறான், கோகிலா வேண்டாம் என்று அழுகிறாள், நீ ஆத்தாளிடம் பூ கேட்டுச் சொல் அக்கா என்றான். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, தனித்தனியாகப் பொட்டலம் கட்டி உன் காலடியில் வைத்துக் குலுக்கி, பூசாரி மகளை ஒன்றை எடுக்கச் சொன்னேன். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். வெள்ளை வந்தது. ஃபோனில் வீடியோ போட்டுக் காட்டினேன். கோகிலா ஃபோனை விட்டு எழுந்து போய்விட்டாள்.

அக்டோபர் 7, சனி

எங்கிருந்து ஆரம்பிக்க? டச்டவுன்! அதுதான் அந்த ஆறு புள்ளிக்குப் பெயர். கவின் கோட்டைத் தாண்டி ஓடினான், பதினைந்தாயிரம் பேர் ஒரே சமயத்தில் எழுந்து நின்றார்கள். பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார அம்மாள் என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் கட்டிக்கொண்டேன், யார் என்று தெரியாது. தம்பி வீடியோ எடுத்து, ஊரில் இருக்கிற அத்தனை சொந்தக்காரருக்கும் அனுப்ப ஆரம்பித்துவிட்டான்.

அவன் தலையைக் குனிந்து அனுப்பிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பந்து வந்தது. கவின் எம்பினான். பக்கவாட்டில் ஒரு தடியன் வந்து மோதினான். ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் மோதிய சத்தம், அம்மிக்கல்லைக் கீழே போட்டது மாதிரி, எங்கள் வரிசை வரை கேட்டது. பந்தை விடவில்லை என் சாமி. மூச்சு விடுகிற நேரம் படுத்திருந்தான், அப்புறம் எழுந்துவிட்டான். எழுந்தவன் நேராக எதிர்க் கட்சிக்காரர்கள் பெஞ்சுக்கு நடந்தான்! அவர்களில் ஒருவனே தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டான். ஜனம் சிரித்தது. நானும் சிரித்தேன். முதல் ஆறு புள்ளி எடுத்த சந்தோஷத்தில் பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை.

தம்பி நிமிர்ந்து, "என்னக்கா ஆச்சு?" என்றான்.

"ஒண்ணுமில்லடா, பெஞ்சு மாறிப் போயிட்டான்" என்றேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

நான் நினைத்தது சரி. கண். பதினைந்தாயிரம் பேர் என்றால் முப்பதாயிரம் கண், எந்தப் பிள்ளைக்குத் தாங்கும்? காலையிலிருந்து ஜன்னலை மூடிக்கொண்டு படுத்திருக்கிறான். உப்பு, மிளகாய், கடுகு எடுத்துக் கிழக்கே பார்த்து உட்காரவைத்துச் சுற்றி அடுப்பில் போட்டேன். இம்மிகூட நெடி வரவில்லை ஆத்தா! நெடி வரவில்லை என்றால் எவ்வளவு பெரிய கண்!

ஆனால் புகை வந்தது. கூரையில் இருக்கிற வெள்ளை டப்பா கீச்சென்று கத்த ஆரம்பித்தது. கவின் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணி! ஃபயர் எஞ்சின் வந்துரும்!" என்று கோகிலா ஊன்றுகோலால் டப்பாவை இடிக்கிறாள். தம்பி துண்டை வீசுகிறான். எனக்குச் சிரிப்பாக வந்தது. கவின் மட்டும் கண்ணைத் திறக்கவில்லை.

அக்டோபர் 10, செவ்வாய்

காலையில் வாந்தி எடுத்தான். புரட்டாசி மாசத்தில் கோழி தின்றால் வேறு என்ன ஆகும்? சொன்னால் புரோட்டீன் என்கிறான். வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடக்கிறான். ஃபேஷனாம். நான் சீரக ரசம் வைத்துக் கொடுத்தேன்.

அக்டோபர் 12, வியாழன்

என்ன செய்வதென்றே தெரியவில்லை. மத்தியானம் சமையல்கட்டுக்கு வந்து, "அத்தை, நான் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டான். அப்போதுதான் தட்டைக் கழுவி வைத்திருந்தேன். விளையாடுகிறான் என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. பதிலுக்காக நின்றுகொண்டிருந்தான்.

"ஏங்கண்ணு, என்ன பண்ணுது உனக்கு?"

"ஒண்ணுமில்ல அத்தை. அன்னைக்கு தலைல ஒரு அடி. சின்ன அடிதான். எல்லாருக்கும் விழும்."

"கோச்சுகிட்டச் சொன்னயா?"

"ஓரத்துல ஒருத்தர் வந்து ஏன் தடுமாறுறேன்னு கேட்டாரு. ஷூ லேஸ் அவுந்துருச்சுன்னு சொல்லீட்டேன். சொன்னா உக்கார வச்சிருவாங்க அத்தை. அதுக்குள்ள மார்கஸ் வந்துருவான். அப்புறம் என்னைய யாரு கூப்பிடுவா? போன வருஷம் பூரா தண்ணி பாட்டில் எடுத்துக் குடுத்துட்டு இருந்தேன். இப்பத்தான் என் பேரைச் சொல்றாங்க."

"தப்பாத்தான் சொல்றாங்க."

கொஞ்சம் சிரித்தான். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அம்மாகிட்டச் சொல்லாதீங்க. சொன்னீங்கன்னா எல்லாம் முடிஞ்சுது. ப்ளீஸ் அத்தை."

கோகிலாவிடம் சொன்னால், வெள்ளைப்பூ காட்டியது நீங்கள்தானே என்பாள். சொல்லாவிட்டால்? சின்ன அடி என்கிறான். ஆட்டம் தெரிந்தவன் அவன்தான், எனக்கு என்ன தெரியும்? ஆனால் சாப்பிட்டதை மறக்கிற பிள்ளை. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. உன்னையே கேட்டுவிடுகிறேன்.

அக்டோபர் 13, வெள்ளி

கேட்டுவிட்டேன். தம்பி கடைக்குக் கூட்டிப்போனான். அரளி இங்கே கிடைக்காது. ஒரே பூவில் இரண்டு நிறம் தேடினேன், அதுவும் இல்லை. சிவப்புக்கு ரோஜா, வெள்ளைக்குச் சாமந்தி வாங்கினேன். சமையலறைக் காகிதத்தில் இறுக்கிச் சுருட்டி ஒரே அளவாகப் பொட்டலம் செய்தேன். உன் படத்துக்கு முன்னால் வைத்து, கோகிலாவிடம் சொல்லலாம் என்றால் வெள்ளை கொடு, வேண்டாம் என்றால் சிவப்பு கொடு என்று வேண்டிக்கொண்டேன்.

எடுப்பதற்குச் சூதுவாது தெரியாத பிள்ளை வேண்டுமே. இந்தத் தெருவில் குழந்தை சத்தமே இல்லை. கவினைத்தான் கூப்பிட்டேன். அமெரிக்காவில் பிறந்தவனுக்கு இது என்ன தெரியப்போகிறது?

"எதுக்கு அத்தை?"

"ஒரு வேண்டுதலு. ரெண்டுல ஒண்ணை எடு சாமி."

இரண்டையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றைக் கொடுத்தான். சிவப்பு.

சரி ஆத்தா. நீயே வேண்டாம் என்று சொன்ன பிறகு நான் யார்? மனசு கொஞ்சம் லேசாயிற்று. ஆனாலும் முழுசாக ஆகவில்லை, ஏன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 14, சனி (அமாவாசை, புரட்டாசி கடைசி சனி)

இரண்டு பந்தை விட்டுவிட்டான். இரண்டும் நெஞ்சுக்கு நேராக வந்த பந்து. ஜனம் ஊ என்றது. போன வாரம் என்னைக் கட்டிக்கொண்ட அந்த அம்மாளும் ஊ என்றாள். நான் அவளை முறைத்தேன்.

தம்பி வரும்போது, "ப்ரெஷர்க்கா, பழகிரும்" என்றான்.

அக்டோபர் 18, புதன் (ஐப்பசி 1)

இன்று கவின் என்னிடம் எரிந்து விழுந்தான், மிக்ஸி சத்தத்துக்கு. ஒரு மணி நேரம் கழித்து வந்து காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டான். சட்னியைக் கையாலேயே இடித்தேன்.

அக்டோபர் 23, திங்கள் (ஆயுத பூஜை)

உன் படத்துக்கு முன்னால் அவரவர் ஆயுதத்தை வைத்தோம்.

தம்பி கம்ப்யூட்டரையும் கார் சாவியையும் வைத்தான். கவின் பந்தையும், கோச்சிடம் கேட்டு வாங்கிவந்த ஹெல்மெட்டையும் வைத்தான். ஹெல்மெட்டில் நெற்றிக்குமேல் பச்சையாக ஒரு பட்டை, எதிர்க் கட்சிக்காரர்கள் ஹெல்மெட்டின் பெயிண்ட் ஒட்டிக்கொண்டது. தேங்காய் நாரால் தேய்த்தும் போகவில்லை. அதன் மேலேயே சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டேன்.

எலுமிச்சம்பழம் நறுக்க எடுத்தேன். பழைய ஞாபகத்தில் ஒன்றை, திரும்பாமலே, அவன் பக்கம் எறிந்தேன். கீழே விழுகிற சத்தம் கேட்டது. திரும்பினால், பழம் அவன் புருவத்தில் பட்டு உருண்டு ஓடுகிறது. அவன் கை தூக்கவே இல்லை. பட்ட பிறகும் என்ன பட்டது என்று புரியாமல் நின்றான்.

"கண்ணு!"

"பாத்தேன் அத்தை," என்றான். "வர்றதைப் பாத்தேன். கைக்குச் சொல்றதுக்குள்ள வந்துருச்சு." அப்புறம் அந்த ஆறடிப் பிள்ளை சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதான்.

நானும் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். "நா என்ன சாமி பண்ணுவேன்? சொல்லீரலாம்னுதான் இருந்தேன். ஆத்தாளே வேண்டாம்னு சிவப்பு குடுத்துட்டாளே" என்றேன்.

அழுகையை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"ஆத்தா குடுக்கல, அத்தை."

"என்னது?"

"நான்தான் குடுத்தேன். காலேஜ் சேர்றப்ப நீங்கதானே வீடியோல காட்டுனீங்க, வெள்ளைன்னா ஓகே, சிவப்புன்னா நோ. அன்னைக்கு நீங்க கூப்பிட்டப்பவே எதுக்குன்னு தெரிஞ்சுருச்சு. ரோஸ் கெட்டியா இருந்துச்சு, நடுவுல மொட்டு. இன்னொண்ணு அமுக்குனா பஞ்சு மாதிரி. கைல எடுத்ததும் தெரிஞ்சுது." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சாரி அத்தை."

ஒரே மாதிரிப் பூவாக இருந்திருந்தால் அந்தக் கைக்கும் தெரிந்திருக்காது. அரளி கிடைக்கவில்லை என்றதும் நான் விட்டிருக்க வேண்டும். பத்து நாளாக நீ சொன்னாய் என்று நினைத்து வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். நீ ஒன்றுமே சொல்லவில்லை. நான் உன்னைக் கேட்கவே இல்லை. பூவைப் போட்டு அவனிடமே கேட்டிருக்கிறேன்.

எழுந்துபோய்க் கோகிலாவிடம் சொன்னேன். எல்லாம். பெஞ்சு மாறிப் போனது, வாந்தி, சாப்பிட்டாச்சா என்று கேட்டது.

"எத்தனை நாளாத் தெரியுங்க அண்ணி?" என்றாள்.

"பதினோரு நாளாச்சு அம்மிணி."

அவள் கத்தியிருந்தால் தேவலாம். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மெதுவாக அவன் அறைக்குப் போனாள். தம்பி, அந்த ஆறு புள்ளி வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தவன், ஃபோனைக் கவிழ்த்து வைத்தான்.

அக்டோபர் 24, செவ்வாய் (விஜயதசமி)

டாக்டர் ஒரு பெண், என் மகள் வயது இருக்கும். ஒளி அடித்துக் கண்ணைப் பார்த்தாள், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள், ஐந்து வார்த்தை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னாள். கவின் மூன்று சொன்னான். மூளை உள்ளே குலுங்கிப்போயிருக்கிறதாம். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, வெளிச்சம் ஆகாமல் போவது, வாந்தி, கோபம், எல்லாம் அதன் அடையாளமாம். கோகிலா ஒவ்வொன்றாக எனக்குத் தமிழில் சொன்னாள். முப்பதாயிரம் கண் என்று மிளகாய் சுற்றினேனே!

எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டாள். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. இந்த நோட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கோகிலா ஏழாம் தேதியிலிருந்து பிரித்து, இங்கிலீஷில் மாற்றிப் படித்தாள். அதற்கு முன்னால் போகவில்லை. மிளகாய் வந்த இடத்தில் டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கடைசியில் என் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். "இப்படி எழுதி வச்சது நெம்ப உதவியா இருக்காமுங்க" என்றாள் கோகிலா. இரண்டு நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் நல்ல வார்த்தை.

பிறகு டாக்டர் ஒன்று சொன்னாள், அதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். இந்த வருஷத்தில் இதுதான் முதல் அடி என்றால், தலைவலி முழுசாக நின்ற பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆடவிடலாம். இது இரண்டாவது என்றால் அவள் கையெழுத்துப் போட மாட்டாள். இந்த வருஷம் கிடையாது, அடுத்த வருஷமும் சந்தேகம்தான். ஒரு காயம் ஆறுவதற்குள் அதன்மேல் இன்னொன்று, அதற்குமேல் மூன்றாவது விழுந்தால் பிள்ளையையே திருப்பிக் கொண்டுவர முடியாதாம்.

"இதுக்கு முன்னாடி?" என்று டாக்டர் கவினைப் பார்த்தாள்.

"இல்ல" என்றான். தம்பி இல்லை என்றான். கோகிலா இல்லை என்றாள். என்னை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் நானும் இல்லை என்று தலையாட்டினேன்.

நவம்பர் 4, சனி

மூன்று நாளாகத் தலைவலி இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறான். சமைக்கும்போது மிக்ஸியை ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. மிக்ஸிக்கும் ஒரு பொட்டு வைத்தேன்.

நவம்பர் 12, ஞாயிறு (தீபாவளி)

பட்டாசு வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டோம். புதுச் சட்டை போட்டுக்கொண்டு சமையலறைக்கு வந்து, "எறிங்க அத்தை" என்றான். எனக்குக் கை வரவில்லை. "எறிங்க!" என்றான். ஐந்து எலுமிச்சம்பழம் எறிந்தேன், ஐந்தையும் பிடித்தான். கடைசியை முதுகுக்குப் பின்னால் பிடித்தான். கோகிலா ஊன்றுகோல் இல்லாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோச் ஃபோனில் பேசினார். மார்கஸ் முழங்கால் இன்னும் சரியாகவில்லை. பதினெட்டாம் தேதி கடைசி ஆட்டம். டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டால் கவின்தான். நாளைக்குப் பதினோரு மணிக்கு டாக்டரிடம் போக வேண்டும்.

"பாத்துட்டே இருங்க அண்ணி, இந்தத் தடவை நானும் வர்றேன் ஆட்டத்துக்கு" என்று கோகிலா சொன்னாள். இதைவிட எனக்கு என்ன தீபாவளி?

நவம்பர் 13, திங்கள்

மணி எட்டரை. அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருக்கிறது. மேலே கவின் குளிக்கிறான், பாடுகிறான், ராகம் எதுவும் சரியில்லை.

எழுதுவதற்கு இது நேரமில்லை, ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் முடியாது.

கோகிலா கம்ப்யூட்டரில் என் பிப்ரவரி டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சைவச் சாப்பாடுன்னு இப்பவே போட்டுர்றேன். வர்றப்ப ஃப்ளைட்ல சாப்பாடு எப்படிங்க அண்ணி இருந்துச்சு?"

"ஏ அம்மிணி, இதையேதான் கவினு வந்த அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன். பாதியில் வாய் நின்றுவிட்டது.

"வந்த அன்னைக்கு என்னங்க?"

"இட்லி" என்று சொல்லிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். ஏர்போர்ட்டில் கேட்டான், காரில் கேட்டான், வாசலில் கேட்டான். ஒவ்வொரு தடவையும் தயிர்சோறு என்று ஒரே பதிலைத்தான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் புதுசாகக் கேட்கிறவன் மாதிரித் தலையாட்டினான். பாசம் என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆத்தா.

ஒருவேளை பாசமாகவே இருக்கலாம். களைப்பாக இருக்கலாம். பிள்ளைகள் ஒன்றையே பத்துத் தடவை கேட்பதில்லையா? இன்னும் இரண்டரை மணி நேரத்தில் அந்த டாக்டர் கையெழுத்துப் போடுவாள், சனிக்கிழமை என் தம்பி பெயர் முதுகில் ஓடும், கோகிலா கை தட்டுவாள். நான் இதைச் சொன்னால் அவன் இனி என் முகத்தில் விழிப்பானா?

பூ கேட்க மாட்டேன். வீட்டில் பூவும் இல்லை. இருந்தாலும் கேட்க மாட்டேன்.

மேலே தண்ணீர் நின்றுவிட்டது. இறங்கி வருகிறான்.

இன்னொன்றும் இப்போதுதான் ஞாபகம் வருகிறது. ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது, தம்பி வாசல் விளக்கைப் போட்டான். என் பெட்டியை இறக்கிய கவின் அப்போதும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.